மூளையில் ரத்தம் கசிந்தவளுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையா?

வாசகர் கேள்விக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பள்ளி ஆசிரியை ஒருவர் தம் தங்கைக்காக எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. தங்கைக்கு வயது 26. முதுகில் ஊசி போட்டு அறுவைச் சிகிச்சை செய்து பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டில் பத்தியச் சாப்பாடு. வயிறு பெருத்துவிடும் என்று குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் தலைவலி தொடங்கியது. முதுகில் போட்ட ஊசியால் வந்தது என்றார் ஒருவர். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் சி.டி. ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து விடியற்காலையில் வாந்தி. வலது கையில் தொடங்கிய இழுப்பு உடம்பு முழுவதும் பரவி வலிப்பானது. ஜன்னி கண்டுவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போனதில் அரை நாள் போய்விட்டது. பிறகு 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் போனார்கள். சிரைகளைப் படம் பிடிக்கும் எம்.ஆர். வெனோகிராம் எடுத்ததில் மூளையின் சிரையில் ரத்தம் உறைந்திருப்பதும், பக்கத்தில் ரத்தம் கசிந்திருப்பதும் தெரிந்தன. வயிற்றில் ஊசி, பிறகு மாத்திரை. கையின் பலவீனம் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பத்தாவது வாரத்தில் மாதவிலக்கு அதிகமாகப் போகவே, "தலையில் ரத்தம் கசிந்தவளுக்கு ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையா கொடுப்பார்கள்?" என்று புகுந்த வீட்டார் அதை நிறுத்திவிட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் கணவருக்கு இது வாரக் கடைசியில்தான் தெரிந்திருக்கிறது. முதல் மருத்துவமனைமீது புகார் கொடுக்கலாமா, வலிப்பு நிரந்தரமா, அடுத்த குழந்தை பெறலாமா, தமக்கும் இது வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரிகளைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. மாத்திரையை நிறுத்தி எட்டு நாள் ஆகிறது என்பது ஒன்று. ரத்தப்போக்கு நிற்பதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரண்டு வகை மாத்திரைகளைக் கொடுத்து வருகிறீர்கள் என்பது மற்றொன்று. இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கைக்கு வந்த அன்றே இதழின் ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். தங்கையை மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டதாக நீங்கள் சொன்ன பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். அன்று அவசரத்தில் சொல்ல முடியாமல் போன காரணங்களை இப்போது விளக்குகிறேன். உங்கள் தங்கையின் மாமியார் கேட்ட கேள்வி மூடத்தனமானதன்று. நியாயமான கேள்வி அது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே யாராவது உட்கார வைத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வடிகால் அடைத்த வயல்

மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுவருபவை தமனிகள்; பயன்பட்ட ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகிறவை சிரைகள். பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் தமனி அடைபடுவதால் வருவது. உங்கள் தங்கைக்கு அடைபட்டது சிரை. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி, உச்சந்தலையின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய கால்வாயும், பின்தலையிலிருந்து இரண்டு காதுகளின் பக்கமாக இறங்கும் கால்வாய்களும் உள்ளன. மூளையின் சிரைகள் எல்லாம் இவற்றில் வந்து விழுந்துதான் கழுத்துக்கு இறங்குகின்றன. இக்கால்வாய்களை மருத்துவர்கள் 'வீனஸ் சைனஸ்' என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் 'சைனஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, மூக்கடைப்பும் சளியும் வருகிற அந்த சைனஸ் என்று எண்ணி ஆவி பிடிக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு இடங்கள், வேறு வேறு நோய்கள்.

வயலுக்குள் வாய்க்கால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வெளியேறும் மடை மட்டும் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வயல் முழுவதும் தண்ணீர் தேங்கும், பயிர் மூழ்கும், அதற்கும் மேலே போனால் எங்காவது வரப்பு உடைந்து தண்ணீர் பீறிடும். மூளையிலும் இதே வரிசைதான். உறைந்த ரத்தம் கால்வாயை அடைத்ததும் பின்னாலுள்ள சிறு சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது, அந்தப் பகுதி வீங்குகிறது, அழுத்தம் தாங்காத நுண்குழாய்களிலிருந்து ரத்தம் கசிகிறது. அதாவது, ரத்தக் கசிவு என்பது அடைப்பின் விளைவு. உடைந்த வரப்புக்கு மண் போட்டுக்கொண்டே மடையை அடைத்தபடி விட்டுவிட்டால் வேறோர் இடத்தில் உடையும். ஆகவேதான், கசிவு இருக்கும்போதே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்குகிறோம். தமனி வெடித்து ஏற்படும் ரத்தக் கசிவில் இதே மருந்து ஆபத்தானது. அந்த நோயாளிகளைப் பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தாரைப் போலவே குழம்புவது இயல்பு.

மருத்துவர்களுக்கும் இந்த அச்சம் நெடுங்காலம் இருந்தது. 1991-இல் ஜெர்மனி மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்ட சோதனைதான் அதை முதலில் அசைத்தது. 20 நோயாளிகளில் 10 பேருக்கு ஹெப்பாரினும் 10 பேருக்கு மருந்தில்லாத ஊசியும் கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே மூளையில் ரத்தக் கசிவு இருந்தது. ஹெப்பாரின் பெற்றவர்களில் 8 பேர் முழுமையாகத் தேறினார்கள், ஒருவரும் இறக்கவில்லை. மற்றக் குழுவில் முழுமையாகத் தேறியவர் ஒருவரே, மூவர் இறந்தார்கள். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை சிறியது என்ற குறை அதற்கு உண்டு. ஆனால் பிறகு வந்த சான்றுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் இருக்கின்றன. உலகம் முழுவதும் இன்று முதல் சிகிச்சை இதுதான். 624 நோயாளிகளைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் நன்கு தேறியிருந்தார்கள். மற்றப் பக்கவாதங்களில் காண முடியாத நல்ல விகிதம் இது. உங்கள் தங்கையின் கை தேறி வருவதும் இதன் பகுதியே.

நிறுத்திய மாத்திரையும் கொடுத்த மாத்திரையும்

இந்த மருந்துகள் 'ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை'. உறைந்துவிட்ட கட்டியைக் கரைப்பதும் இல்லை. கட்டி மேலும் வளராமலும், புதிதாக ஒன்று உருவாகாமலும் பார்த்துக்கொள்கின்றன. கரைக்கும் வேலையை உடலே மெல்ல மெல்லச் செய்துகொள்கிறது. அடைபட்ட கால்வாய் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் திறக்கிறது. பிரசவம் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்திருந்தால் மூன்று முதல் ஆறு மாதமும், காரணம் தெரியாவிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மாதமும், மறுபடி மறுபடி உறைந்தாலோ கடுமையான ரத்த உறைவுக் கோளாறு இருந்தாலோ காலவரையின்றியும் மாத்திரையைத் தொடரச் சொல்கிறோம். பத்து வாரம் என்பது இந்தக் கணக்குகளில் எதற்கும் போதாது. தலைவலி போனதும் கை அசைந்ததும் வேலை முடிந்ததற்கான அடையாளம் என்று எண்ணிவிடாதீர்கள்.

விட்ட மாத்திரையை வீட்டிலேயே மறுபடி தொடங்குவதும், விட்டதற்கு ஈடாக இரண்டிரண்டாகப் போடுவதும் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளான அசினோகூமரால், வார்ஃபரின் இரண்டும் முழுவேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசி தேவைப்படலாம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நின்ற பிறகே ஊசியை நிறுத்துவார்கள்.

இனி, மருந்துக்கடை மாத்திரைகள். நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தைப் பார்த்தேன். ஒன்று டிரானெக்ஸாமிக் அமிலம். உறைந்த ரத்தம் கரைவதைத் தடுப்பதே அதன் வேலை. உங்கள் தங்கையின் தலைக்குள் நடக்க வேண்டிய வேலைக்கு நேர் எதிரானது. மற்றொன்று நோரெதிஸ்டிரோன். மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் வீடுகளில் சாதாரணமாக வாங்கிப் போடும் மாத்திரை இது. இதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதிக அளவில் எடுக்கும்போது ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்திய அதே வாரத்தில் இவ்விரண்டும் சேர்ந்ததுதான் எனக்குக் கவலை தந்தது. கடைக்காரர்மீது பழி போட நான் விரும்பவில்லை; மூளையில் ரத்தம் உறைந்த விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ரத்தப்போக்கு உண்மையான பிரச்சினைதான். அதைப் பொறுத்துக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. ஐ.என்.ஆர். 3-க்கு மேல் போயிருந்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு, கருப்பையில் ஏதேனும் எச்சம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகையே சிரைகளில் ரத்தம் உறைவதற்கு ஒரு காரணம் என்பதால், இரும்புச்சத்தைச் சரிசெய்வது சிகிச்சையின் ஒரு பகுதி. மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசி அளவைத் திருத்தினால், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே சமாளித்துவிடலாம்.

முதல் ஸ்கேன் ஏன் சரியாக இருந்தது?

உங்கள் கடிதத்தில் கோபம் மிகுந்திருந்த பகுதி இது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்; ஆனாலும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதா சி.டி. ஸ்கேனில் இந்த நோய் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் தென்படும். ஆகவே ஸ்கேன் சரியாக இருந்ததாக அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நோயை உறுதிசெய்யச் சிரைகளைத் தனியாகப் படம் பிடிக்கும் எம்.ஆர். வெனோகிராமோ, கைநரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வெனோகிராமோ வேண்டும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு துணைசெய்யும். அது இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, பிரசவத்தை ஒட்டிய நாட்களில் அது எல்லோருக்குமே கூடியும் இருக்கும்.

ஸ்கேனைவிட முக்கியமான தடயம் தலைவலியின் குணத்தில் இருந்தது. முதுகில் ஊசி போட்டதால் வரும் தலைவலி, உட்கார்ந்தாலும் நின்றாலும் கூடும், படுத்தால் விட்டுவிடும், பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கும். உங்கள் தங்கைக்கு ஒன்பதாம் நாள் தொடங்கியிருக்கிறது; படுத்தால் கூடியிருக்கிறது; இருமினாலும் குனிந்தாலும் தெறித்திருக்கிறது; விடியற்காலையில் அதிகமாகி வாந்தி வந்திருக்கிறது. தலைக்குள் அழுத்தம் ஏறும்போது வரும் வலி இப்படித்தான் இருக்கும். ஊசியால் வந்த தலைவலியாகவே தொடங்கி, பிறகு இந்தக் குணத்துக்கு மாறுகிறவர்களும் உண்டு. பிரசவித்த பெண்ணிடம் "படுத்தால் குறைகிறதா, கூடுகிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காத மருத்துவரை என்னால் நியாயப்படுத்த முடியாது. கேட்டும், சந்தேகம் வராமல் போயிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. இந்த நோய் அரிது. 2004-இல் வெளியான அந்த ஆய்விலேயே, அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்படுவதற்குள் பாதிப் பேருக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ கழிந்திருந்தது.

புகார் கொடுப்பது உங்கள் உரிமை. முதலில் செய்ய வேண்டியது, அந்த மருத்துவமனையிடம் எழுத்து மூலமாகச் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவர்கள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் உள்ளது. கட்டணம் வாங்கிச் சிகிச்சை தரும் தனியார் மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுக் கால அவகாசம் உண்டு. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கத் தவறியது மட்டுமே சட்டப்படி அலட்சியமாகிவிடாது. அந்த நிலையில் இன்னொரு சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பதையே பார்ப்பார்கள். என் கருத்தில் உங்கள் தரப்பில் வலுவான குறை, ஸ்கேன் சரியாக இருந்தாலும் இன்னின்ன அறிகுறி வந்தால் உடனே திரும்பி வாருங்கள் என்று யாரும் சொல்லாமல் அனுப்பியதுதான். வழக்கறிஞரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள். தங்கையின் உடல் தேறும்வரை இதற்காக அலையாமல், பதிவேடுகளை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

ஜன்னியும் பத்தியமும்

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தலைவலி, காய்ச்சல், பிதற்றல், இழுப்பு எது வந்தாலும் ஜன்னி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். அந்தச் சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கருப்பைத் தொற்று, பிரசவத்துக்குப் பின்னும் வரக்கூடிய ரத்த அழுத்த வலிப்பு, மூளைச் சிரை உறைவு மூன்றுமே அதில் அடங்கும். மூன்றுமே மணிக்கணக்கில் முடிவு மாறக்கூடியவை. உங்கள் அம்மாவை இதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். தம் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே பெயரை அவர் சொன்னார். ஆனால் அடுத்த முறை உங்கள் தெருவில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், மந்திரிக்கப் போவதற்கு முன்பே 108-ஐ அழைக்கும்படி அவரே சொல்ல வேண்டும்.

கருவுற்ற காலத்தில் ரத்தத்தின் உறையும் தன்மை இயற்கையாகவே கூடுகிறது. பிரசவத்தின்போது ரத்தம் அதிகம் போய்விடாமலிருக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பிரசவத்துக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரம் அது நீடிக்கிறது. அந்த நாட்களில் தண்ணீரைக் குறைத்தால் ரத்தத்தின் அடர்த்தியும் கூடுகிறது. அதோடு அசையாமல் படுத்திருப்பதும் ரத்தசோகையும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீரைக் குறைத்ததால்தான் உங்கள் தங்கைக்கு இது வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; பத்தியம் இருந்த எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் தவிர்க்கக்கூடிய காரணங்களில் எளிதானது இதுதான். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் அதிகம். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதால் வயிறு பெருக்காது, அறுவைத் தையலில் சீழும் பிடிக்காது. லேகியமும் பூண்டுக்குழம்பும் உங்கள் விருப்பம். தண்ணீர்ச் செம்பைமட்டும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

வலிப்பைப் பற்றி

உங்கள் தங்கைக்கு வந்த வலிப்பு, மூளையின் ஒரு பகுதி வீங்கிக் கசிந்திருந்தபோது வந்தது. சிரை உறைவு வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் இருவருக்கு நோயின் தொடக்கத்தில் வலிப்பு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு வலிப்பு நோயாளிகளாக ஆவதில்லை. வலிப்பைத் தடுக்கும் லெவெட்டிராசெட்டாம் மாத்திரையைச் சில மாதங்களுக்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் வழக்கம். அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும். அதுவரை இரவுத் தூக்கம் கெடக் கூடாது. குழந்தைக்கு இரவில் ஒரு வேளைப் பாலையாவது பீய்ச்சி வைத்து வேறொருவர் ஊட்டினால் அவள் தொடர்ந்து சில மணி நேரம் தூங்க முடியும். தனியாகக் கிணற்றடிக்குப் போவதையும், விறகடுப்பின் முன் தனியே நிற்பதையும், குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டுவதையும் சில மாதங்களுக்குத் தவிர்க்க வேண்டும்.

'வலிப்புக்காரி' என்று சொல்லி அவளைத் தாய்வீட்டிலேயே விட்டுவிடப் பேச்சு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டார்கள். உண்மையான வலிப்பு நோய் இருப்பவருக்கே சட்டம் இப்படித் துணைநிற்கும்போது, நோயின் உச்சத்தில் ஒருமுறை வந்த வலிப்பை வைத்து ஒரு குடும்பத்தைப் பிரிக்க எந்த முகாந்திரமும் இல்லை. அடுத்த மருத்துவமனைச் சந்திப்புக்குக் கணவரும் மாமியாரும் சேர்ந்து போகட்டும். மருத்துவர் வாயால் நேரடியாகக் கேட்டால் மனம் மாறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை நாட்களில் கவனிக்க வேண்டியவை

உணவு: கீரையை அறவே நிறுத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முருங்கைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே அதிகம். அது இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஆனால் ரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் கீரையை நிறுத்துவதைவிட, வாரத்துக்கு இத்தனை முறை என்று ஒரே அளவாகக் கொடுத்து, அந்த அளவுக்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துகொள்வதே நல்லது. களிக்கும் சோற்றுக்கும் தடையில்லை.

பிற மருந்துகள்: தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அளவோடு பாராசிட்டமால் போடலாம். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது. நாட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம்; ஐ.என்.ஆர். கட்டுக்கடங்காமல் ஏறிய சிலருக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

தாய்ப்பால்: தாராளமாகக் கொடுக்கலாம். ஹெப்பாரின் பாலில் கலப்பதில்லை. வார்ஃபரினும் அசினோகூமராலும் குழந்தையைப் பாதிக்கும் அளவில் கலப்பதில்லை.

கண்: தலைக்குள் அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு கெடும். தலைவலி இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றே போக வேண்டும்.

உடனே 108: புதிய கடும் தலைவலி, அடங்காத வாந்தி, மறுபடி வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், மயக்கம், மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம். சேலத்துக்கா பெங்களூரு நிம்ஹான்ஸுக்கா என்று வீட்டில் விவாதித்து நேரத்தைப் போக்க வேண்டாம். முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனை. நோய் உறுதியாகிவிட்டால் பயணத்துக்கு முன்பே முதல் ஊசியைப் போடும்படி கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் பழைய சீட்டுகளையும் ஒரே பையில் வைத்திருங்கள்.

ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரை இருப்பதாகப் பெங்களூரு உறவினர் சொன்னது சரிதான். அவ்வகையில் ஒன்றான டபிகாட்ரானை வார்ஃபரினோடு 120 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் இரண்டு குழுவிலும் ஒருவருக்கும் மறுபடி ரத்தம் உறையவில்லை. ஆயினும் பால் கொடுக்கும் தாய்க்கு அந்த வகை மாத்திரைகளை நாங்கள் தருவதில்லை. ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்ஃபோலிபிட் என்ற எதிர்ப்பொருள் கோளாறு இருந்தாலும் அவை ஏற்றவையல்ல. குழந்தை பால் மறந்தபின் மாத்திரை இன்னும் தேவையென்றால் அப்போது பேசலாம். கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை எல்லோருக்கும் செய்வதால் கூடுதல் பயனில்லை என்று 2020-இல் வெளியான சோதனை காட்டியது. ஊசி போட்டும் நிலைமை மோசமாகிறவர்களுக்கு மட்டுமே யோசிக்கிறோம். உங்கள் தங்கைக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்த குழந்தையும், உங்களைப் பற்றியும்

இன்னொரு குழந்தை பெறவே கூடாது என்று யாரோ சொன்னதை மறந்துவிடுங்கள். பிந்தைய கருத்தரிப்புகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளில், மூளைச் சிரையில் மறுபடி ரத்தம் உறைந்தது ஆயிரம் கர்ப்பங்களுக்குச் சுமார் ஒன்பதில்தான். சாதாரணப் பெண்களைவிட இது அதிகம். கர்ப்பத்தையே தடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் திட்டமிட்டுக் கருத்தரிக்க வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் இரண்டும் கருவின் முதல் மாதங்களில் ஊனம் விளைவிக்கக்கூடியவை என்பதால், மாத்திரை போடும் காலத்தில் கரு தங்கக் கூடாது. நாள் தள்ளிப்போனால் உடனே சொல்ல வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் ஹெப்பாரின் வகை ஊசியைப் பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் போடச் சொல்வோம்.

இடைவெளிக்கு ஆணுறையோ, ரத்தப்போக்கு சீரானபின் காப்பர்-டியோ ஏற்றவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அதையும் அதைப் போன்றவற்றையும் அவள் இனி எக்காலத்திலும் போடக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் இதை இப்போதே சொல்லிக் கர்ப்பிணி அட்டையில் எழுதி வையுங்கள்.

இது பரம்பரையாக வருமா என்று கேட்டீர்கள். நோய் பரம்பரையன்று, ரத்தம் எளிதில் உறையும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக இருக்கலாம். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ரோம்பின் என்ற இயற்கைத் தடுப்பான்கள் குறைவாக இருப்பது அதில் ஒன்று. கர்ப்பமும் இந்த மாத்திரைகளும் ஊசியும் இந்த அளவுகளை மாற்றிவிடும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் எடுத்து 'குறைவு' என்று வந்த அந்த அறிக்கையை நம்பி இப்போதே அஞ்ச வேண்டாம். மாத்திரையை முறைப்படி நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதுவும் குறைவாகவே வந்தால் அப்போது உங்களுக்கும் எடுக்கலாம்.

கடிதத்தின் கடைசியில், ஆண்டுதோறும் மாரியம்மன் பண்டிகைக்காக நீங்களும் தள்ளிப்போடும் மாத்திரையைப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். உடன்பிறந்தவளுக்கு இப்படி ஒன்று நேர்ந்து, அதன் காரணம் இன்னும் முழுமையாகத் தெரியாத நிலையில், அந்த அறிக்கை வரும்வரை நீங்கள் அதைத் தொடவே வேண்டாம். எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும், ஹார்மோன் மாத்திரை எழுதுவதற்கு முன் தங்கைக்கு வந்ததைச் சொல்லிவிடுங்கள்.